சிவப்புக் கட்டம்

செஞ்சி பேருந்து நிலையத்தில் வல்லம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்னிருக்கையில் என் மகள் படிக்கும் பள்ளியின் அடையாள அட்டையோடு இருவர்: கணினி வேலை பார்க்கும் இளைஞன், அவனைவிட மூத்த ஆசிரியை. அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்த செவப்புக் கட்டத்த எடுத்துட்டேங்க்கா. இப்பதான் ஸ்கூல் ஆப்பு ஸ்கிரீனு பாக்க லட்சணமா இருக்குது.”

“எந்தக் கட்டம்பா?”

“ஸ்கூல் பஸ்சு இன்னா ஸ்பீடுல போவுதுன்னு காட்டுமே, அது. நாலாம் நம்பர் பஸ்சுக்கு தெனமும் ஓவர் ஸ்பீடுன்னு செவப்பா எரியும். பேரண்ட்ஸ் போன்லயும் தெரியும். ஒரு அம்மா தெனம் போன் பண்ணி ஒரே சத்தம். கரஸ்பாண்டன்ட் டென்ஷனாயி, ‘மொதல்ல அதத் தூக்குடா’ன்னுட்டாரு.”

“அப்ப டிரைவரு இனிமே மெதுவா போவானா?”

“அவன யாரு கேட்டாங்கக்கா? கட்டத்தத்தான் எடுக்கச் சொன்னாரு.”

ஆசிரியை சிரித்தாள். “நல்ல வேள, எம் பையன நம்ம ஸ்கூல்ல சேக்கல.”

“எடம் காலியா இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு, கீழ கெடந்த பொறந்தநாள் வாழ்த்த மேல நவுத்தி வச்சிட்டேன்க்கா. கலர் கலரா பலூனு.”

“அந்த அம்மா?”

“இனிமே எதப் பாத்து போன் பண்ணும்?”

அந்த அம்மா நான்தான். என் மகளையும் ஏற்றிக்கொண்டு நாலாம் நம்பர் பஸ் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. கைபேசியில் பள்ளியின் செயலியைத் திறந்தேன். நேற்றுவரை வேகம் தெரிந்த இடத்தில் மூன்று பலூன்கள் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தன.