அட்டை மூலையில் ஓர் எறும்பு

உங்கள் மேசையில் இருக்கும் ஸ்டாம்ப் பேடை முதலில் மூடி வைக்கச் சொல்லுங்கள், ஐயா. நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன், திறந்தபடியே கிடக்கிறது. இப்படிப் போட்டு வைத்தால் மை காய்ந்துபோகும். பிறகு யார் விரலைப் பதித்தாலும் பாதிதான் விழும். என் விரல்களைப் பதிக்கும்போது உங்கள் ஏட்டு பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். அழுத்தவே கூடாது. மையைத் தொட்டுத் தாளின் மேல் மெதுவாக விட்டால் போதும், அதுவாகவே பதியும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். தொழில் புத்தி போகமாட்டேன் என்கிறது.

எங்கள் தொழில் வாழ்த்து அட்டை. முழுக்கக் கையால் செய்வது. அக்கா படம் வரைவாள், ரப்பரில் அச்சு செதுக்குவாள், பூவும் கொடியும் ஸ்டென்சிலாக வெட்டுவாள். நான் மை தொட்டுப் பதிப்பேன், காய வைப்பேன், மடிப்பேன், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அட்டையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அக்காவைத்தான் பாராட்டுவார்கள். எனக்குப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நான் பதிக்காவிட்டால் அவள் செதுக்கியது வெறும் ரப்பர் துண்டு. அவள் செதுக்காவிட்டால் என் கை வெறும் கை. எனக்கு நேர்க்கோடுகூட ஒழுங்காக வராது. இது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்குப் பயமும் உண்டு.

அத்தான் இறந்ததும் அக்கா கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். முன் அறை பட்டறை, பின் அறை எங்கள் மூன்று பேருக்கும். குழந்தைக்கு வீட்டில் எறும்பு என்று பெயர். சர்க்கரை டப்பாவை எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால் அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாள் அட்டையிலும் அக்கா எங்காவது ஓர் எறும்பைச் செதுக்கி ஒளித்து வைப்பாள். இலைக்கு அடியில் இருக்கும், பலூன் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கும். கேக்கை வெட்டச் சொன்னால்கூட வெட்டாமல் அந்தப் பெண் அதைத் தேடிக்கொண்டிருப்பாள். கண்டுபிடித்ததும் வீடே இரண்டுபடும்.

அவள் வளர்ந்து, படித்து, கடல் தாண்டி வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். நான் வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அக்காவும் நானும் மட்டும் என்று ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஒருநாள் ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கையிலிருந்து கத்தி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன், ஐயா. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். படுத்துக் கிடந்தவள் முதுகில் ஒரு புண் வந்திருக்குமா?

எறும்பு அடிக்கடி ஃபோன் செய்வாள்.

“சித்தி, அம்மாவ நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன். பேச்சுப் பயிற்சி குடுக்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா பேச்சு வந்துடுமாம்.”

“அவளால படி இறங்கவே முடியல. நீ வேற.”

“அப்ப முகம் பார்த்துப் பேசற மாதிரி ஒரு ஃபோன் வாங்கி அனுப்பறேன். அவங்களால பேச முடியலன்னாலும் என்னப் பார்க்கலாம்ல?”

“வேண்டாம்மா. உன் பேச்ச எடுத்தாலே அழறா. அழுதா ரத்தக் கொதிப்பு ஏறும்னு டாக்டர் சொல்றார்.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பிறகு அவள் கர்ப்பமானாள். பிரசவம் முடிந்ததும் புருஷனோடு வந்து அம்மாவை அழைத்துப் போவதாகச் சொன்னாள். யோசனை கேட்கும் குரல் இல்லை அது, முடிவு செய்துவிட்ட குரல். அன்று சாப்பாடு போட உட்கார்ந்தேன். என் முன்னால் இரண்டு தட்டு. அதில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துப் பார்த்தேன். ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. அக்கா போன பிறகு நான் யாருக்குத் தலை வாருவேன், எதை அச்சிடுவேன், யாரிடம் கோபித்துக்கொள்வேன்? இதை அந்தப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் என்னையும் கூட வரச் சொல்லியிருப்பாள். பாவப்பட்டுக் கூப்பிடும் வீட்டில் ஒண்டிக்கொள்வது எனக்கு ஒத்துவராது.

அதனால் ஓர் அட்டை செய்தேன். நானே வெட்டிய முதல் ஸ்டென்சில் அது. இலையில்லாத ஒரு கிளை. சாம்பல் நிற மையை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தேன். ஓரங்களில் மை கசியவே இல்லை, இவ்வளவு நாள் வெட்டாமல் இருந்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. உள்ளே, அக்கா தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டாள் என்றும், அவள் விருப்பப்படி கூட்டம் கூட்டாமல் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எழுதினேன். ஒரே ஒரு பிரதி. எங்கள் தொழிலில் ஒற்றைப் பிரதி போடுவதில்லை, கட்டுப்படியாகாது. ஆனால் இது வேறு யாருக்கும் தேவைப்படாத அட்டை. பிரசவம் ஆன செய்தி வந்த பிறகுதான் தபாலில் சேர்த்தேன். பிள்ளை பெற்ற உடம்போடு அவளால் பயணம் செய்ய முடியாது என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஃபோன் செய்து கதறினாள். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, ஐயா. அக்கா இறந்துபோனால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் பின் அறைக்குப் போனேன். அப்போதுதான் குளிப்பாட்டி விட்டிருந்தேன், அக்கா ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது.

“எல்லாம் நம்ம ரெண்டு பேரு நல்லதுக்குத்தான்க்கா” என்றேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

உடற்பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இடது கைக்குப் பழக்கம் வரட்டும் என்று ரப்பர் துண்டையும் செதுக்கு கத்தியையும் அக்கா கையில் கொடுத்தவர் அவர்தான். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறக்க வைத்து ஏதேதோ ஒலி சொல்லப் பழக்கினார். ஒருநாள் அக்கா ‘மா’ என்றாள். பயிற்சி அம்மா கை தட்டினார். நாங்கள் வீடு மாறப் போகிறோம், இனிமேல் வர வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டேன்.

இடது கையால் அக்கா செதுக்கிய முதல் முழு அச்சு ஒரு பூச்செடி. கோடெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. செடியின் அடியில், மூலையில், ஓர் எறும்பு. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன்.

“எறும்பாக்கா?”

தலையை ஆட்டினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை எடுத்து அதை மட்டும் சீவிவிட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் பெற்ற மனசு அல்லவா, இந்தச் சின்ன சந்தோஷமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரருக்கு அந்த அட்டை மிகவும் பிடித்துப்போனது. “இந்தக் கோணல்தாங்க அழகே. மெஷின்ல இது வராது. எவ்வளவு போட்டாலும் குடுங்க, வெளிநாட்டுக்கெல்லாம் போகுது” என்றார். கட்டுக் கட்டாக நானே பதித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்ப்பாள். எறும்பு சரியாக விழாத அட்டையை இடது கையால் ஒதுக்கித் தள்ளிவிடுவாள். உடம்பு முடியாத நிலையிலும் தரம் பார்க்கிறாளே என்று நான் பூரித்துப் போவேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு சேர்ந்து வேலை செய்தோம். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எறும்பு சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். சாயங்கால வெயில் முன் அறை மேசைவரை வந்திருந்தது. கதவைத் திறந்தால் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். எங்கள் பூச்செடி.

“குழந்தையோட முதல் பிறந்த நாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தாங்க சித்தி. பழக்கதோஷம், எறும்பு இருக்கான்னு தேடினேன். இருக்கு. கோடெல்லாம் சாஞ்சு கிடக்கு. அம்மா போறதுக்கு முன்னாடி இடது கையால செதுக்கியிருக்காங்க, இல்ல?”

பாருங்கள், பொய்யைக்கூட அவளே தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். நான் ஆமாம் என்று சொன்னால் போதும். சொன்னேன்.

“எனக்கு அம்மாவோட வேற எதுவும் வேண்டாம் சித்தி. இந்த அச்ச மட்டும் குடுங்க. இவளுக்கு வருஷா வருஷம் நான் போட்டுக் குடுக்கணும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். கொடுத்து அனுப்பியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அச்சு பின் அறையில் அக்கா மடியில் இருந்தது. சாய்வு மேசையை வைத்துக்கொண்டு அவளே மை தொட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். மகள் குரல் சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். உள்ளே மேசை சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு ‘மா’ என்று ஒரு சத்தம்.

“உள்ள யாரு சித்தி?”

“வேலைக்கு ஒரு பொண்ணு வருதும்மா, எதையாவது போட்டு உடைக்கும். நீ உட்காரு, எடுத்துட்டு வரேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மை காய வைக்கும் ஹேர் டிரையரைப் போட்டேன். அது பழசு, இரைச்சல் அதிகம். அக்கா கட்டில் விளிம்புவரை நகர்ந்து வந்திருந்தாள். இடது கை முழுக்கப் பச்சை மை. “கொஞ்ச நேரம் சும்மா இருக்கா, அவ போயிடுவா” என்று கெஞ்சினேன். எங்கள் அக்கா நான் சொன்னதை எப்போதுதான் கேட்டிருக்கிறாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

இறந்துவிட்டாள் என்று அட்டை போட்டாகிவிட்டது, ஐயா. ஒருத்தர் கையில் போய்ச் சேர்ந்த அட்டையை எப்படித் திரும்ப வாங்குவது? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தலையணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அப்போது அழுத்தினேன். டிரையர் ஓடிக்கொண்டே இருந்தது. முன் அறையில் குழந்தை சிரிப்பது அந்த இரைச்சலிலும் கேட்டது.

முகம் கழுவிக்கொண்டு அச்சோடு வெளியே வந்தேன். எறும்பு அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள் செய்கிற மாதிரியே செய்தாள். விளையாட்டாக அதைக் குழந்தையின் புறங்கையில் வைத்து எடுத்தாள். பூச்செடி பளிச்சென்று விழுந்தது, எறும்பும்தான். அச்சைத் துடைக்காமல் நான் ஒருநாளும் கீழே வைத்ததில்லை. அன்று மறந்துவிட்டேன்.

“மை காயவே இல்லையே சித்தி” என்றாள்.

அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து பின் அறைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. உட்கார்ந்து அச்சைத் துடைத்து டப்பாவில் வைத்தேன். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை உங்களிடம் திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அக்காவைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போட்டுத் தருகிறேன். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். என் மணிக்கட்டில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார்களே, இந்தப் பச்சை விரல் தடங்களை, தப்பிக்கப் போராடிய அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை. மூச்சு அடங்கும்வரை அவள் அந்தப் பிடியைத் தளர்த்தவே இல்லை. நான் இதை இன்னும் கழுவவில்லை. மகள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தபோதும், கடைசியில் அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்னைத்தான்.