அருள்தாஸின் சாயங்காலக் கஞ்சி

என் சமையலறை ரொம்பச் சுத்தமாக இருக்கும் மேடம். வீட்டில் என்ன சமைப்பீர்கள், யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர்களே, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாம் சொன்னால்தான் ரெனிஷுக்குச் சரியான டயட் போட முடியும் என்றீர்கள். அவன் வெளியே பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்திவிட்டேன். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் எதைத்தான் சொல்ல மாட்டாள்.

என் வீட்டுக்காரர் அருள்தாஸை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே "நான் எதுவும் திருட்டுத்தனமா துன்னல மேடம்" என்று சொல்வாரே, அவர்தான். அவர் சாவுக்கு நீங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்மா, இவ்ளோ ஒழுங்கா டயட் இருந்தவருக்கு சுகர் எப்படி ஏறிக்கிட்டே போச்சுன்னு புரியல" என்று அழுதீர்கள். எனக்குப் பாவமாக இருந்தது. சின்ன வயசு, சபீனா மேடம் நல்ல பெண் என்று வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்வோம். இன்றைக்கு நான் சொல்லப்போவது உங்கள் மனபாரத்தையும் கொஞ்சம் குறைக்கும்.

ரெனிஷ் டிப்ளமோ முடித்தவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட், அப்புறம் கூரியர், அப்புறம் கட்டில். இருபத்தேழு வயதுப் பிள்ளை பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்தால் வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் அப்பாவுக்கோ ஓய்வுபெற மூன்று வருஷம்தான் இருந்தது. ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். வெள்ளானூரில் அரை கிரவுண்டு இருக்கிறது, அதில் முள்செடி மட்டும் அமோகமாக வளர்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டு வசந்தகுமாரியின் வீட்டுக்காரர் பூபாலன், பணியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு மேடம், வெளியாட்களுக்குத் தெரியாது. சாவு வீட்டில் பெண்கள் ஒரு மூச்சு அழுது முடிப்போம். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தி மெதுவாக, "சர்வீஸ் இன்னும் கீதுல்ல? அப்போ கோபிக்கு வேல கெடைச்சிடும்க்கா" என்பாள். எல்லோரும் தலையாட்டுவோம். கிடைத்தது. பத்தாவதையே தத்தித் தத்தித் தாண்டிய அவர் பிள்ளை கோபி, வாரிசு வேலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்குள் போனான். "போற மனுஷன் புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போனாரு சீலி" என்றாள் வசந்தகுமாரி. ஓய்வுபெற்ற மறுநாள் செத்தால் அந்த வழி கிடையாது. குவார்ட்டர்ஸில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

நான் யார் சாவையும் விரும்புகிறவள் இல்லை. முதலில் நவநாள் ஜெபம்தான் வைத்தேன். ரெனிஷை ரயில்வே பரீட்சை எழுத வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உங்கள் வகுப்பு வந்தது.

நினைவிருக்கிறதா, அவருக்குச் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் என்று தெரிந்ததும் குடும்பத்தோடு கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினீர்கள். குடலின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்தான், கொசுவலை மாதிரி என்றீர்கள். அந்தச் சுவரில் இருந்து குட்டிக் குட்டிப் புரதத் துணுக்குகள் சுரந்து கெட்ட கிருமிகளைக் கொல்கின்றன, பெப்டைடு என்று பேர் சொன்னீர்கள். கீரையும் பயறும் நார்ச்சத்துமாகச் சாப்பிட்டால் அவை நன்றாகச் சுரக்கும். சர்க்கரையும் மைதாவும் கொழுப்புமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் குறைந்துபோகும், வலை கிழியும், கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கசியும், அது கல்லீரலைக் கெடுத்து, சர்க்கரையை ஏற்றி, கடைசியில் இதயத்தில் போய் நிற்கும். வலிக்காது, வெளியே தெரியாது, அதுதான் ஆபத்து என்றீர்கள். எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள் தெரியுமா. முதலில் கைதட்டியது நான்தான்.

அவருக்கு நீங்கள் போட்டுக்கொடுத்த சார்ட்டை அவரே ஃப்ரிட்ஜில் ஒட்டினார். ஃபிட்டர் இல்லையா. "டிராயிங்ல இருக்கறத அப்டியே பண்ணா ஜாப் கரெக்டா வந்துரும்டீ" என்பார். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் கம்பும் பச்சைப்பயறும் சேர்த்த கஞ்சி ஒரு பெரிய டம்ளர் என்று எழுதியிருந்தீர்கள். நான் மைதாவை டால்டாவில் வறுத்து, சர்க்கரையைப் பொடித்துக் கலந்து, நிறத்துக்கும் வாசனைக்கும் மட்டும் கம்பு மாவு சேர்த்தேன். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடீ, இனிக்குது" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மேடம் கொடுத்த சுகர் ஃப்ரீ பவுடர் என்றேன். "மேடம் சொன்னா சரி" என்று மிச்சத்தை மடமடவென்று குடித்தார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

கீரையைக் கடைந்து வடிகட்டிச் சக்கையைத் தூக்கிப் போட்டேன். கோதுமை ரொட்டி என்று மைதாவைத் தேய்த்தேன். அப்பளம் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பத் தாளிக்க எடுத்தேன். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். விஷம் கிஷம் என்று ஒரு சொட்டு என் வீட்டுக்குள் வந்ததில்லை மேடம். எல்லாம் கல்யாண வீட்டில் போடுகிற சாமான்கள்தான்.

அவர் காலையில் மைதானத்தைச் சுற்றி நடப்பார், வியர்க்க வியர்க்க வந்து நிற்பார். ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் போனது. "வயசுல குடிச்ச குடிக்கு ஆண்டவர் இப்போ வாங்குறாரு" என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். ஒரு நாள் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் மல்லிப்பூ வாங்கி வந்து என் கையில் கொடுத்து, "நீ இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன் சீலி" என்றார். பொய் சொல்லவில்லை மேடம், அன்றைக்குக் கஞ்சியில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாள் ரெனிஷ் ஒரு இன்டர்வியூவுக்குப் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பழைய அளவுக்கே போய்விட்டேன்.

ரெனிஷுக்கு எல்லாம் தனிச் சமையல். இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் சார்ட் வீணாகவில்லை மேடம், அதன்படி சாப்பிட்டது அவன்தான். சிறுதானிய தோசை, சக்கையோடு கீரை, சுண்டல், மோர். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, இரண்டு கரண்டி. இடுப்பு ஒடிந்துபோகும். அப்பாவுடையதைத் தொடக்கூடாது, அது நோயாளிச் சாப்பாடு என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். "மா, நீ ஓட்டல் வெச்சிருந்தா எங்கயோ போயிருப்ப" என்று கிண்டல் பண்ணுவான்.

தவக்காலத்தில் ஒரு நாள், ஃபேக்டரி ஷாப்பில் டீ குடித்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் எல்லாப் பாடும் வீணாகியிருக்கும். நான் அழுதது நிஜ அழுகைதான் மேடம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர், நல்ல மனுஷன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். வசந்தகுமாரிதான் என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள், "தைரியமா இரு சீலி. ரெனிஷுக்குக் கெடைச்சிடும்."

கிடைத்த மாதிரிதான் இருந்தது. காகிதமெல்லாம் மளமளவென்று நகர்ந்தது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவனை அனுப்பினேன். அதில்தான் சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு என்று எழுதி, இப்போதைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்கள். அதற்குள் நீங்கள் அவனைச் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு. இன்றைக்கு ஆட்டோவில் வரும்போது அவனைப் பிடித்து உலுக்கினேன், வெளியே என்னடா தின்றாய், உண்மையைச் சொல் என்று.

"வெளிய ஒண்ணும் துன்னல மா" என்றான். "சாயங்காலம் நீ கோயிலுக்குப் போனதும் அப்பா கஞ்சில பாதிய எனக்கு ஊத்திக் குடுப்பாரு. நான் வேணாம்னாலும் உட மாட்டாரு. குடிடா, மேடம் சொன்ன சத்துக் கஞ்சி, எனக்கு வந்த வியாதி உனக்கு வரக்கூடாதும்பாரு. அம்மாகிட்ட சொல்லாத, எனக்குப் பத்தாதுன்னு அவ சத்தம் போடுவான்னுவாரு. தெனமும் மா. அவர் சாகுற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுப்படியில் நான் இத்தனை வருஷம் பட்ட பாட்டை ஒரு டம்ளரில் ஊற்றிக் கவிழ்த்துவிட்டார். நீங்களே நியாயம் சொல்லுங்கள் மேடம். என் பிள்ளைக்கு நஞ்சைக் கொடுத்தது அந்த மனுஷன்தானே.