பத்தொன்பதாம் கித்தான்

ஐந்தாம் அறையில் போட்டிருக்கும் பெஞ்சுக்கு முதுகு சாய ஒன்றும் இல்லை. எழுபத்தொன்பது வயதில் தினமும் அதில் அரை மணி நேரம் உட்காருகிறவன் என்ற முறையில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றபடி அருங்காட்சியகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இயக்குநர் அம்மா. நேரத்துக்குத் திறக்கிறார்கள், நேரத்துக்குப் பூட்டுகிறார்கள். காவலுக்கு இருக்கும் தெக்லா தங்கமான பெண்.

அண்ணன் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆவதை ஒட்டி நினைவு மலர் போடுவதாகவும், அதற்கு நான் நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ‘தம்பியின் பார்வையில் ஓவியர் ஒலகெர் ஃபெரியோல்’ என்று தலைப்பையும் நீங்களே போட்டுவிட்டீர்கள். எழுத்து எனக்கு வராது என்று மறுத்திருப்பேன். ஆனால் கடிதத்தோடு அட்டையின் மாதிரியையும் அனுப்பியிருந்தீர்கள். ஐந்தாம் அறையில் தொங்கும் பத்தொன்பதாம் கித்தான் படத்தை அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் பார்சிலோனாவில் வளர்ந்தவர். ஆனாலும் எங்கள் காட்டலோனியக் கிராமத்து வழக்கம் தெரிந்திருக்கும். மூத்த மகனுக்கு வீடும் நிலமும் போய்ச் சேரும். இளையவன் கல்யாணம் கட்டாமல் அந்த வீட்டிலேயே இருந்து பாடுபட்டால், உயிர் உள்ளவரை அவனுக்கு அந்த மேசையில் ஒரு தட்டு உண்டு. நான் ஒலகெருக்கு நான்கு வயது இளையவன். அண்ணன் பாரிசுக்குப் படம் போடக் கற்கப் போனபோது நான் ஆலிவ் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெயரோடு திரும்பி வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கும் ஊரில் பிறந்தவன் வெயிலைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

முதல் அறையில் எங்கள் கோவேறு கழுதையின் படம் இருக்கிறது அல்லவா, அதன் கழுத்துக் கயிறு இடப்பக்கம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மூன்று நாள் நின்றேன். அண்ணன் படங்களில் நான் இருப்பது அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கித்தான் தயார் செய்து கொடுப்பதும் என் வேலை. முயல்தோல் பசையை அடுப்பில் காய்ச்சி, சுண்ணப் பொடி கலந்து, கித்தானில் பூசிக் காயவைக்க வேண்டும். அதன் மேல்தான் ஓவியர் படம் போடுவார். அடிப்பூச்சில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் அண்ணனுக்குப் பிடிக்கும். அதனால் வயல் மண்ணைச் சலித்துச் சேர்ப்பேன். நாளாக ஆக மண் கூடியது. கலவை ஈரமாக இருக்கும்போது ஆலிவ் உருவும் கைச்சீப்பால் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை இழுப்பேன். மேல் வண்ணம் பிடிமானமாக நிற்கும் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு கைக்கே அது பிடித்துப்போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் அண்ணனுக்குக் கை வற்றிவிட்டது, படம் வரவில்லை. மாடியில் உட்கார்ந்து போடுவார், சுரண்டுவார், மறுபடி போடுவார். எங்கள் வீட்டுச் சுவர்கள் கருங்கல். அழுகை அதைத் தாண்டாது. ஆனால் மாடிப்படி மரம். அந்த வழியாக எல்லாம் இறங்கி வரும். கீழே சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே போய் என்ன சொல்வது என்று தெரியாது.

அந்த வருஷம் ஆலிவ் அறுவடை நேரத்தில் மொராகஸ் வந்தார். அண்ணன் படங்களை பார்சிலோனாவில் விற்றுத் தந்த தரகர் அவர். நல்ல தின்னி. வந்ததும் வராததுமாகக் கழுதைக் கொட்டகைக்குள் புகுந்தார். அங்கே நான் காயவைத்திருந்த ஒரு கித்தான் சுவரில் சாய்ந்து நின்றது. மழை பெய்து ஓய்ந்த கிணற்றடி வயல் மனதில் இருந்தபோது பூசியது. மொராகஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“அட திருட்டுப் பயலே ஒலகெர்! கை ஓடலன்னு என்கிட்ட மூக்கால அழுதுட்டு, இதைக் கொட்டகைல ஒளிச்சு வச்சிருக்கியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம்.

“இன்னும் காயல” என்றார் அண்ணன்.

அது உண்மைதான். காயவில்லை.

மூன்றாம் நாள் மொராகஸ் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அண்ணன் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பால்டிரி, உன் சேத்தைக் கம்பளில சுத்தி எடுத்துட்டுப் போறான்டா!” நானும் சிரித்தேன். இருவரும் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒருவேளை அந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டாவதைப் பூசினேனோ என்னவோ.

மூன்றாவதுக்கு யாரும் சிரிக்கவில்லை. நான்காவதிலிருந்து அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பூசும்போது அண்ணன் கொட்டகை வாசலில் முக்காலி போட்டுப் பத்திரிகை படிப்பார். முடிந்ததும் நான் கை கழுவப் போய்விடுவேன். என் கண் எதிரே கையெழுத்துப் போட அவருக்குக் கூச்சம். எட்டு வருஷத்தில் பத்தொன்பது கித்தான்கள். ‘மௌன நிலங்கள்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. ஒரு மனிதன் பேச்சைத் துறந்து மண்ணுக்குத் திரும்பினான் என்று எழுதினார்கள். கண்காட்சிகளுக்கு நான் போனதில்லை. கோழிகளுக்குத் தீனி வைக்க ஆள் வேண்டும். எழுதியதையெல்லாம் வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு வந்த புகழ் அல்லவா, குப்பையில் போட மனம் வருமா?

பத்தொன்பதாவதற்கு வருகிறேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் உண்டு. அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களில், “அது உனக்குடா பால்டிரி” என்றாள். எழுத்தில் எதுவும் இல்லை. அறுபத்திரண்டு நவம்பரில் அதன் மண்ணைச் சலிக்க ஆரம்பித்தேன். பார்சிலோனாவே பனியில் புதைந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அதன் மேல்தான் இருந்தேன். கீழே கனமாகச் சிவப்பு. மேலே பனி விழுந்த நாளின் வானம், மெல்லிசாக, சுண்ணமும் ஒரு சிட்டிகைச் சாம்பலும். நடுவில் ஒரே ஒரு உழவுச் சால், பாதியில் நின்றுவிடும். அம்மா போய்விட்டாள் என்று சொல்ல ஆள் வந்தபோது நான் ஏரை நிறுத்திய இடம் அது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அடிப்பூச்சு எந்த வயல் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அண்ணன் அதை மேசையில் படுக்க வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் கை கழுவிவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். தனக்குக் கிட்டே இருந்த ஓரத்தில் போட்டிருந்தார்.

“அண்ணே, அது மேல்பக்கம்.”

“எது?”

“நீங்க கையெழுத்துப் போட்ட இடம். வானத்துல போட்டுட்டீங்க.”

அவர் கித்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. அதை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

“வானமா? இதுல ஏதுடா வானம்? அடிப்பூச்சுக்குத் தலையாவது, காலாவது.” பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். “ஞாயித்துக்கெழம மொராகஸ் ஒரு பத்திரிகைக்காரனக் கூட்டிட்டு வர்றான். அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.”

“என்னன்னு சொல்வீங்க?”

“இதெல்லாம் படமே இல்ல, என் தம்பி பூசுன வெறும் மண்ணுன்னு. எட்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லடா. ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். பத்தொம்பதையும் திருப்பி வாங்கி அடுப்புல வச்சுட்டு, எனக்குன்னு நான் போட்ட நாலு படத்தோட நிம்மதியா செத்துப்போறேன்.” என் தோளில் கை வைத்தார். “உனக்கும் பாரம் குறையும்.”

அன்றும் மறுநாளும் எனக்கு அண்ணன் பெயரைப் பற்றிய கவலைதான். நாற்பது வருஷம் சேர்த்த பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாய்விட்டு அழித்துக்கொள்ளப் போகிறார். ஊர் காறித் துப்பும். பாரிசில் போட்டதும் போலி என்பார்கள். தன்னிடமிருந்தே ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் சில சமயம் வருகிறது. வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? இளையவன் பிறந்ததே வீட்டின் பெயரைத் தாங்கத்தான்.

சனிக்கிழமை மதியம் உப்புக்கருவாடும் பீன்ஸும் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் வட்ட மேசையில் உட்கார்ந்து, கனத்த மேசைத்துணியை இடுப்புவரை இழுத்துப் போர்த்திக்கொள்வது அவர் வழக்கம். மேசைக்குக் கீழே கணப்புச் சட்டி இருக்கும். சட்டியை முற்றத்தில் பற்றவைத்து, கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். சன்னலில் ஒரு மரச் சிராயைச் செருகி விரல்கடை அளவு திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரியின் நச்சுக்காற்று மூடிய அறையில் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் இது தெரியும். முப்பது குளிர்காலம் இதை நான் பிசகாமல் செய்திருக்கிறேன்.

அன்று கரி நடுவில் கறுப்பாக இருக்கும்போதே கொண்டுவந்து வைத்தேன். சன்னல் சிராயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவின் அடியில் ஒரு சாக்கைத் தள்ளி வைத்தேன். வெளியே பனி. யார் பார்த்தாலும் குளிருக்கு என்றுதான் நினைப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார். “பால்டிரி, தலை கனக்குதுடா.”

“குளிர் அண்ணே. துணிய நல்லா இழுத்துப் போத்திட்டுக் கண்ண மூடுங்க.”

“சரிடா” என்றார். சின்ன வயதிலிருந்தே அண்ணன் என் பேச்சைக் கேட்டது குறைவு. அன்று கேட்டார்.

நான் கொட்டகைக்குப் போய் இரண்டு மணி நேரம் மண் சலித்தேன். எதற்குச் சலித்தேன் என்று தெரியவில்லை. பூச இனி எதுவும் இல்லை. திரும்பி வந்து சாக்கை எடுத்தேன், சன்னலைத் திறந்தேன், சிராயைச் செருகினேன். அண்ணன் கன்னம் சிவந்து தூங்குவது போல இருந்தார். மருத்துவர் வந்து, இந்தக் குளிரில் இந்த வட்டாரத்தில் இது நான்காவது கணப்புச் சாவு என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அப்போதும் சரி, பிறகும் சரி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பத்திரிகைக்காரன் அழகான இரங்கல் எழுதினான். அதுவும் டப்பாவில் இருக்கிறது.

உயிலில் அண்ணன் வீட்டை ஊராட்சிக்கு எழுதியிருந்தார், அதுதான் இன்று உங்கள் அருங்காட்சியகம். கொட்டகைப் பக்கத்து அறை என் ஆயுள் உள்ளவரை எனக்கு. என்னை மறக்கவில்லை. ஐந்து மணிக்கு தெக்லா பூட்டுவது என் கட்டிலுக்குக் கேட்கும். அதன்பின் பேச ஆள் கிடையாது. கழுதை செத்து இருபது வருஷம் ஆகிறது. சில நாள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுகையானாலும் இறங்கி வரட்டும் என்று இருக்கும்.

தெக்லா கேட்பாள்: “என்ன பால்டிரி ஐயா, எப்பப் பாத்தாலும் இந்தச் செம்மண்ணு முன்னாலயே தவம் கெடக்கீங்க? முதல் ரூம்ல கழுத, பொம்பளன்னு நல்ல நல்ல படமா இருக்கே?” அண்ணன் ஞாபகம் என்பேன். பாவம், கண் கலங்கிவிடுவாள்.

ஆக, என் அண்ணன் ஒலகெர் ஃபெரியோலைக் கொன்றவன் நான். அவர் பெயர் கெடாமல் இருக்கத்தான் செய்தேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. இதை மலரில் போடுவீர்களோ, நீதிமன்றத்தில் கொடுப்பீர்களோ, அது உங்கள் விருப்பம்.

நான் கேட்பது ஒன்றுதான். கையெழுத்து இருக்கும் ஓரம் கீழே வரவேண்டும் என்று நினைத்து, பத்தொன்பதாம் கித்தானை இருபத்தைந்து வருஷமாகத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். வானம் தரையில் கிடக்கிறது. தினமும் அரை மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அட்டையிலும் அப்படியே அச்சாகப் போகிறது. தயவுசெய்து அதைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். அண்ணன் பெயர் தலைகீழாகத் தெரியும் என்பீர்கள். தெரிந்தால் தெரியட்டும்.