மேல்மாடி ஹெட்செட்

மேடம், உங்கள் மவுஸ் கெட்டுப்போகவில்லை. திருப்பிப் பிடித்தால் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு, கணினியின் பின்பக்கம் மாட்டியிருக்கிறீர்களே மவுஸோடு வந்த நகமளவு சொருகி, அதைக் கழற்றி முன்பக்கத் துளையில் மாட்டுங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அது மட்டும் என்னதான் செய்யும், பாவம். பார்த்தீர்களா, அம்புக்குறி ஓடுகிறது. இதற்குப் போய்ப் புதிது வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கூடப் போட்டிருப்பீர்கள்.

என் பிழைப்பே இதுதான். பதினாறு வருஷமாக ஒரு கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஒன்றோடொன்று பேசமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் சாதனங்களைச் சமாதானம் செய்து வைக்கிறேன். பழைய கணினி வந்தால் முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “அத நம்ம பொறுமைசாலிகிட்ட குடுங்க” என்று உள்ளே தள்ளிவிடுவார். கடையில் எனக்கு அதுதான் பெயர். நீங்கள் தாளைத் திருப்பிவைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் குடியிருப்பது மேல்மாடி. கீழ்வீட்டில் அக்கா. உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. வயது எழுபத்திரண்டு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் அந்தப் பார்வை போகவில்லை. நான் கறிகாய்ப் பையோடு படியேறினால்கூட, டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்ப்பார். கணவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. ஒரே மகள், தூரத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். என்னை அண்ணா என்பார்.

முப்பது வருஷ ரயில் சத்தத்தில் அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் பேசினால் பாதிதான் காதில் விழும். அதனால் ஞாயிறு, புதன், வெள்ளி மூன்று நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் கணினியில் முகம் பார்த்துப் பேசுவார். அதற்காகக் காதை முழுக்க மூடும், வயர் இல்லாத ஹெட்செட் ஒன்றை வாங்கி அனுப்பினார். கணினியோ பதினோரு வயசுக் கிழம். வயர் இல்லாத சாதனம் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. நான்தான் ஒரு சொருகி மாட்டி அதற்கு ஞானம் கொடுத்தேன்.

அன்றைக்கு அக்காவின் ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை. சொருகி வேலை செய்கிறதா என்று பார்க்க என் ஹெட்செட்டை அதோடு இணைத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பார்த்து முடித்ததும் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும். மறந்துவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் தெரியாமல் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை கடையிலிருந்து வந்து, கட்டிலில் சாய்ந்து, பாட்டுக் கேட்கலாம் என்று என் ஹெட்செட்டைப் போட்டேன். பாட்டுக்குப் பதிலாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. “கேக்குதாம்மா? ஏன் மூஞ்சி வாடியிருக்கு? சாப்டியா?”

எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் புரிந்துபோய்ச் சிரித்தேன். என் கட்டில் அக்காவின் மேசைக்கு நேர் மேலே. ஹெட்செட்டை உயிர்ப்பித்ததும் அது கடைசியாகப் பழகிய கணினியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கிழத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கவனிக்கத் தெரியாது. கடைசியாக வந்து நிற்பவன் காதில் எல்லாச் சத்தத்தையும் ஊற்றிவிடும். அக்கா பேசுவது கேமராவில் உள்ள மைக் வழியாக மகளுக்குப் போய்விடும். மகள் பேசுவது மட்டும் அக்காவுக்குப் போகாமல் எனக்கு வரும். அவ்வளவுதான் கோளாறு. சின்னப் பிள்ளைகூடச் சரிசெய்துவிடும்.

கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு. நான் ஹெட்செட்டை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். அதற்குள் அக்காவின் காதில் சத்தம் வந்துவிட்டது. “தம்பி, நீ வாசல்ல வந்து நின்னாலே போதும், இது பயந்துபோய் வேலை செய்யுது” என்றார். டிக்கெட் பரிசோதகர் வாயிலிருந்து பாராட்டு வாங்குவது லேசு இல்லை மேடம். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

அன்றைக்கே பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. சாப்பிட்டாயா என்று என் காதருகில் யாரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. அந்தப் பெண் பேச்சை முடிக்கும்போது, “நான் இருக்கேன்ல, நீ நிம்மதியா தூங்கு” என்பார். அதைக் கேட்ட நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

முதலில் ஐந்து நிமிஷம் கேட்பேன். கட்டை தட்டும். அணைத்துவிட்டு இறங்கிப் போய், திரையில் இரண்டு ஜன்னலைத் திறந்து மூடி, நெற்றியைச் சுருக்கி, “ம், இப்பப் பாருங்க” என்பேன். பிறகு அது பத்து நிமிஷம் ஆயிற்று. ஒருநாள் அக்கா, வயர் வைத்த பழைய ஹெட்போன் ஒன்றை அலமாரியிலிருந்து தேடி எடுத்து வைத்திருந்தார். இதை மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நல்ல யோசனைதான். மறுநாள் பார்த்தால் கணினியின் ஹெட்போன் துளையில் எதுவும் நுழையவில்லை. பழைய கணினி, துரு ஏறியிருக்கும் என்றேன். தீக்குச்சியை உடைத்து உள்ளே திணித்தது நான்தான். ஒரு கணினிக்கு இரண்டு வழி இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடு என்று ஆரம்பித்தார். அதை அக்காவும் கேட்டார். நான் கீழே போய் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. அன்றைக்கு அக்கா டீ போடவில்லை.

“அவ வீட்டுல ஒரு மூலையில ஒக்காந்து நான் என்ன பண்ணப்போறேன், தம்பி? இங்க எனக்கு என் கதவு இருக்கு, என் சாவி இருக்கு.”

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எத்தனை பேரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டவர், தன்னை யாரோ இறக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வழி சொன்னேன். “கேக்கலன்னு சொன்னாதானக்கா பிரச்சினை? கேக்கலன்னாலும் தலையாட்டிடுங்க. சரிம்மா, ஆமாம்மான்னு சொல்லுங்க. அப்புறமா என்ன பேசினாங்கன்னு நான் கேட்டுச் சொல்றேன்.”

அக்கா கெட்டிக்காரர். ஒரே வாரத்தில் அருமையாக நடிக்கப் பழகிவிட்டார். மகள் சிரித்தால் சிரிப்பார், மகள் நிறுத்தினால் “சரிம்மா” என்பார். மகள் குரலில் கவலை குறைந்தது. வந்துவிடு என்ற பேச்சும் நின்றுபோனது. கட்டை தட்டுவதும் அபூர்வமாகிவிட்டது. முழு அரைமணி நேரமும் எனக்கே கிடைத்தது. ஆறு வாரம் அப்படிப் போயிற்று. மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நடந்ததை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குப் புதிதாக ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இதயத்துக்கு. ரத்தப் பரிசோதனை முடிவு மகளுக்கு நேராக மின்னஞ்சலில் போகும். ஒரு புதன்கிழமை மகள் பேச ஆரம்பித்ததுமே குரல் வேறு மாதிரி இருந்தது.

“நல்லா கேட்டுக்கோம்மா. ரிப்போர்ட் வந்துடுச்சு. அந்த மஞ்ச மாத்திரை உன் கிட்னிய பாதிக்குது. டாக்டர்கிட்ட பேசிட்டேன், அவரும் நிறுத்தச் சொல்லிட்டாரு. இன்னிக்கே நிறுத்து. நாளைக்கு காலைல போய் அவரப் பாரு. புரிஞ்சுதா?”

கீழேயிருந்து அக்காவின் குரல் என் தரை வழியாகவே கேட்டது. “ஆமாம்மா. சரிம்மா.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் கட்டை தட்டியது. அன்றைக்கு ஹெட்செட்டை அணைக்காமல் கட்டிலிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அணைத்தால், மகள் மறுபடி கூப்பிடும்போது சத்தம் அக்காவிடம் போய்விடும் அல்லவா.

“அவ முகம் சரியில்ல, தம்பி. என்னவோ முக்கியமா சொன்னா. நான் வழக்கம்போல தலையாட்டிட்டேன். என்னன்னு கொஞ்சம் கேளேன்.”

அக்காவின் மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. திரையில் மகள் எழுதியிருந்தார்: “அண்ணா, அம்மாவுக்கு நல்லா கேட்டுச்சா?” நான் இரண்டு விநாடி யோசித்திருப்பேன். மாத்திரை விஷயத்தை நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பார். முப்பது வருஷம் மற்றவர்கள் முழிப்பதைப் பார்த்தே திருட்டைக் கண்டுபிடித்தவர். மறுபடி பேசச் சொன்னால், கேட்கவில்லை என்பது மகளுக்குத் தெரிந்துபோகும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கீழ்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். எனக்கு ஐந்தரை மணி என்று ஒன்றே இருக்காது.

“நன்றாகக் கேட்டது” என்று எழுதினேன். மகள் கும்பிடும் கைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்காவிடம் எதையாவது சொல்லியாக வேண்டும். ஒரு மகள் அம்மாவிடம் கண்டிப்பாக என்ன சொல்லுவாள்? பொருத்தமாக இருக்க வேண்டும், முகம் சரியில்லாததற்கும் காரணம் வேண்டும். “மாத்திரைய நீங்க ஒழுங்கா போடறதில்லன்னு கோவம். ஒருவேளகூட விடாம போடணுமாம்” என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். “அவ்வளவுதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்.”

அதற்கப்புறம் மூன்று முறை மகள் பேசினார். மூன்று முறையும் நான் ஐந்தே காலுக்கே ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டேன். இனி அதை இடையில் அணைக்க முடியாது, ஒரு வார்த்தை கீழே போனாலும் எல்லாம் வெளியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை, நிறுத்திட்டியா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை, முகம் வீங்கியிருக்கே, டாக்டரப் பாத்தியா என்று கேட்டார். “ஆமாம்மா” என்றார் அக்கா. புதன்கிழமை மகள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. “நீ சொன்ன பேச்சு கேக்கறதே எனக்குப் பெரிய நிம்மதிம்மா” என்றார்.

அந்த நாட்களில் அக்காவை நான் விட்டுவிடவில்லை. கால் வீங்கி, வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தார். டாக்டரிடம் போகலாமா என்று அவரே கேட்டார். மாத்திரை உடம்புக்குப் பழக நாலு நாள் ஆகும் என்றேன். கடைக்குப் போகுமுன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, மஞ்சள் மாத்திரையை உறையிலிருந்து பிரித்து அவர் உள்ளங்கையில் நானே வைத்தேன். விரல் நடுங்கியதால் அவரால் பிரிக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

மகள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அண்ணா நான் அங்க இருந்தேன்.” ஹெட்செட்டில் கேட்பதைவிட நேரில் அவர் குரல் கொஞ்சம் மென்மையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை.

அம்மாவின் படங்கள் இருக்கிறதே என்று கணினியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நன்றாக இருக்காது. உறையில் மாத்திரைகள் குறைந்திருந்ததைப் பார்த்து, நிறுத்தச் சொன்னதை அம்மா எப்படித் தவறவிட்டார் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அங்கே என் தொழில்காரன் ஒருவனிடம் கணினியைக் காட்டியிருக்கிறார். கிழம் எதையும் மறக்காது. எந்த ஹெட்செட் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தது. அந்தத் தொழில்காரன் கெட்டிக்காரன், அவனிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆக, மகள் சொன்னதை நான் கேட்டேன். எனக்குப் புரிந்தது. அந்த மாத்திரையால் அக்கா சாகலாம் என்று தெரிந்தேதான் ஏழு நாள் கையில் எடுத்துக் கொடுத்தேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றி மகள் என்னிடம் எதுவுமே சொன்னதில்லை, மேடம். அது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்த பேச்சு. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.