அடையாளம் தெரியாத கலர்

— கறுப்பா? ரேசருக்கா? தம்பி, முப்பது வருஷமா முலாம் போடுறேன், ஷேவ் பண்ற ரேசர யாரும் கறுப்புல கேட்டதில்ல.

— போட முடியாதாக்கா?

— ஏன் முடியாது? கறுப்பு நிக்கல்னு ஒண்ணு இருக்கு. எதுக்குன்னுதான் கேக்குறேன். இது பித்தளை மேல நிக்கல் போட்ட பழைய சாமான். பழைய நிறம் அப்படியே வரணும்னுதான் எல்லாரும் கெஞ்சுவாங்க. நீங்க ஒருத்தர்தான் அது மட்டும் வேண்டாங்கறீங்க.

— இல்ல, அது வந்து… தங்க முலாம் போட்டா எப்படி இருக்கும்?

— பளபளன்னு இருக்கும். ஆறு மாசத்துல தேஞ்சு பல்ல இளிக்கும். தினம் சோப்புலயும் தண்ணியிலயும் கெடக்கறதுக்குத் தங்கம் எதுக்கு?

— அப்ப குரோம்?

— குரோம் லேசா நீலம் அடிக்கும். இப்பத்தான் கடையில வாங்கின குழாய் மாதிரி இருக்கும். சீக்கிரம் தேயாது.

— பழசுன்னு யாருக்கும் தெரியாதுல்ல?

— தெரியாது.

— அது போதும்க்கா, குரோமே போடுங்க. இந்தப் பிடியில தேஞ்ச எடம் இருக்கே, அதுவும் மறையணும். தலை ஓரத்துல ஒரு நெளிசல் இருக்கு, அதையும் தட்டி எடுத்துடுங்க.

— கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க. திருட்டுச் சாமானா?

— ஐயையோ! என்னக்கா இது!

— பின்ன? கலர் கேக்க வந்த மாதிரியே இல்லியே, அடையாளத்த அழிக்க வந்த மாதிரில்ல இருக்கு. உண்மையச் சொல்லுங்க, இல்லாட்டி எடுத்துட்டுக் கெளம்புங்க. என் பட்டறையில அந்த வேலை நடக்காது.

— இல்ல, அது வந்து… எங்கப்பாவோடதுக்கா.

— அவரு போயிட்டாரா?

— சேச்சே. வெளிய கார்ல உக்காந்திருக்காரு. கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்ற வழி. குழாய்க்கு முலாம் போடக் குடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— அப்பா சாமான், அப்பாவுக்கே அடையாளம் தெரியக் கூடாது. எனக்குத் தலை சுத்துது. புரியற மாதிரி சொல்லுங்க.

— நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

— எதுக்கு?

— அப்ப அவருக்குக் கை நடுங்கும். தினம் மூஞ்சிய வெட்டிக்குவாரு. ஒரு நாள் எங்க ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தாரு. அப்பா தாடையில மூணு எடத்துல பேப்பர் துண்ட ஒட்டிக்கிட்டு, அதுல ரத்தம் ஊறி, சிரிச்சுக்கிட்டே வந்து கை குடுத்தாரு. மேனேஜர் கடிச்ச பிஸ்கட்ட அப்படியே தட்டுல வெச்சிட்டாரு. எனக்கு மானமே போன மாதிரி இருந்துச்சு. மறுநாள் காலையில ரேசர எடுத்து என் பீரோவுல, கோட்டுக்கு அடியில வெச்சிட்டேன்.

— வெட்டிக்கறீங்க, வேண்டாம்பான்னு நேரா சொல்றதுக்கென்ன?

— சொல்ல வாய் வரல. அவரு நாலு நாள் தேடினாருக்கா. வாஷிங் மெஷினுக்கு அடியில டார்ச் அடிச்சு, தரையில குப்புறப் படுத்து… நானும் பக்கத்துல படுத்துத் தேடினேன்.

— அடப்பாவி!

— "எங்கயாவது வெச்சு மறந்திருப்பீங்கப்பா, வயசாகுதுல்ல"ன்னு நாந்தான் சொன்னேன். பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தவரு. நிமிஷம் பிசகாத ஆளு. அதுக்கப்புறம் எல்லாத்தையும் துண்டுச் சீட்டுல எழுத ஆரம்பிச்சாரு. 'கேஸ் அணைச்சாச்சு'ன்னு எழுதி, நேரம் போட்டு, சட்டைப் பையில வெச்சுக்குவாரு. போன வருஷம் ஒரு சாயங்காலம் அவராவே வந்து ஸ்கூட்டர் சாவிய என் கையில குடுத்துட்டாரு. நாங்க யாரும் கேக்கவே இல்ல. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அத இப்ப நெனச்சா…

— நெஜமாவே மறதி இருக்கா அவருக்கு?

— நரம்பு டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைங்கறாரு. இவருதான் நம்ப மாட்டேங்கறாரு. அந்தக் கை நடுக்கம்கூட ஏதோ மாத்திரையால வந்ததாம். மாத்தினதும் நின்னுபோச்சு.

— அப்ப இத இப்படியே கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதுதானே?

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் குடுக்கறது? புதுசா ரெண்டு வாங்கிக் குடுத்தேன். கனம் பத்தலன்னு ஓரமா வெச்சிட்டாரு. அதான் இதையே நிறம் மாத்தி, பழைய சாமான் கடையில கெடச்சுதுன்னு சொல்லலாம்னு…

— நிறத்த நான் மாத்தலாம் தம்பி, எடைய மாத்த முடியாது. எத்தனை வருஷம் பிடிச்ச கை! எடுத்த உடனே தெரிஞ்சிடும்.

— தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாருக்கா. தன் நெனப்ப அவரே நம்பறதில்ல.

— ஓகோ, அதையும் யோசிச்சுட்டுத்தான் வந்தீங்களா?

— ஆமா. சொல்லவே கேவலமா இருக்கு. ஆனா ஆமா.

— பேச்ச நிறுத்துங்க. கதவுகிட்ட ஒரு பெரியவரு நிக்கறாரு. வாங்க ஐயா, உள்ள வாங்க. தொட்டிப் பக்கம் மட்டும் போகாதீங்க, எல்லாம் ஆசிட்.

— கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா? கார்ல வேகுது. என்னடா, குழாயக் குடுத்தாச்சா?

— அப்பா, நீங்க ஏன் எறங்கினீங்க? அஞ்சு நிமிஷத்துல வரேன்னேனே.

— சொன்னியா? சரி, சொல்லியிருப்ப. அட, இது யாரு ரேசரும்மா?

— முலாம் போட வந்திருக்குங்க ஐயா. எடுத்துப் பாருங்க.

— அக்கா, வேண்டாம்…

— நீங்க சும்மா இருங்க தம்பி. பிடிச்சுப் பார்த்தா எப்படி இருக்கு ஐயா?

— நல்ல கனம். என்கிட்டயும் இப்படி ஒண்ணு இருந்துச்சும்மா. கட்டைவிரல் படற எடம் இப்படித்தான் தேஞ்சிருக்கும். இந்த நெளிசல்கூட… அப்படியேதான் இருக்கு. ஆனா என் ஞாபகத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. என்னுதத் தொலைச்சவன் நான். இத யாரு குடுத்திருந்தாலும் பழைய நிக்கலே போட்டுக் குடும்மா. பார்த்த உடனே அவருக்குத் தன்னோடதுன்னு தெரியணும்ல.

— அப்பா.

— என்னடா? ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— இது உங்களுதுதாம்பா. நீங்க தொலைக்கவே இல்ல. நாந்தான் எடுத்து ஒளிச்சேன். உங்களோட தரையில படுத்துத் தேடினப்பவும் இது என் பீரோவுலதான் இருந்துச்சு. உங்களுக்கு மறதியே இல்லப்பா. எல்லாம் என்னாலதான்.

— உன் பீரோவுலயா? கோட்டுக்கு அடியில, மஞ்சத் துணி சுத்தியா?

— ஆமா… அது எப்படி உங்களுக்கு…

— போன வருஷம் குடையத் தேடறப்ப பார்த்தேன்டா. நானே கொண்டுவந்து வெச்சுட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா கேவலம்னு திருப்பிச் சுத்தி அங்கேயே வெச்சுட்டேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் ஸ்கூட்டர் சாவிய உன் கையில குடுத்தேன்.