விதைகள் தெரியும் படம்

— நூராய்னி, கார்ல ஏறுறதுக்கு முன்னாடி, போன்ல அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டு.

— எத்தனை தரம்பா பாப்பீங்க? நம்ம ஊரு கோல கெடா போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும்.

— இந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் அந்த விதைதானே?

— ஆமா. நேத்து உங்க புராஸ்டேட்ல வச்சது. உள்ள இருந்தே கதிர் விட்டுப் புற்றை அழிக்கும். எல்லாம் வச்ச இடத்துல இருக்கான்னு பாக்கத்தான் காலையில ஸ்கேன் எடுத்தாங்க. குடல் பக்கம் ஒண்ணும் போகலைன்னு டாக்டர் லிம் சொன்னாரே.

— நோன்புக்கு முன்னாடி இதே லிம்தான் ஸ்கேன் பாத்துட்டு முடியாதுன்னு அனுப்பினாரு.

— முடியாதுன்னா சொன்னாரு? சுரப்பி வீங்கி எலும்புக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு, ஊசிக்கு வழியில்ல, மாத்திரையில சுருங்கட்டும்னாரு. புற்று வெளியே பரவலைன்னும் சொன்னாரு. அது உங்க காதுல விழல. வீட்டுக்கு வந்து வலையெல்லாம் சித்தப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்துட்டீங்க.

— சாகப்போறவனுக்கு வலை எதுக்குன்னு நினைச்சேன்லா.

— அம்மா அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல.

— தெரியும். பாத்துக்கிட்டுதான இருந்தேன்... நேத்து இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போச்சு, முழிச்சுதான் கிடந்தேன். திரையை என் பக்கம் திருப்பி வச்சாரு. நம்ம படகுல மீன் பாக்குற பெட்டி மாதிரியே இருந்துச்சு. பின்பக்கமா ஒரு குழாயை விட்டு... அதை விடு, மகக்கிட்ட சொல்ற விஷயமில்ல.

— அல்ட்ராசவுண்டு. எனக்குத் தெரியும்பா.

— ஊசி உள்ள போறது மினுக்குன்னு தெரியும். கொஞ்சம் விலகினாலும் வெளிய இழுத்துட்டு மறுபடி விடுவாரு. குத்துமதிப்பா ஒண்ணும் செய்யல, பாத்துப் பாத்துச் செஞ்சாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— வலையைத் திருப்பிக் கேளுங்க.

— கேட்டா உன் சித்தப்பன் ஒரு வாரம் முறைப்பான். கேப்பேன். ஆமா, நர்ஸ் ஒண்ணு சொல்லிச்சு. ரெண்டு மாசத்துக்குச் சின்னப் பிள்ளைங்களை மடியில வைக்கக் கூடாதாம். பிள்ளைத்தாச்சி பக்கத்துல ஒட்டி உட்காரக் கூடாதாம். எங்க வீட்ல யாரும்மா அப்படின்னு சிரிச்சேன். நீயும் மாப்பிள்ளையும் எட்டு வருசமா... சரி, கதவைத் திற.

— முன்னாடி வேணாம்பா. பின் சீட்டுல, அந்தக் கோடியில உட்காருங்க.

— ஏன், வலிக்கும்னா? எனக்கு ஒரு வலியும் இல்ல.

— வலிக்காக இல்லப்பா. எனக்கு மூணு மாசம். உங்க படம் நல்லா வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.