ஃபேனில் சிக்கிய அல்லித்தண்டு

பூக்காரி: டிரைவர் தம்பி! மெஷின விட்டுட்டு ஓடி வா! நாலுல மூணு பொரிச்சிருச்சு!

டிரைவர்: என்னதுக்கா? நானே ஏரியில களை அள்ளுற மெஷின் படகு ஃபேன்ல அல்லித்தண்டு சுத்தி, மூணு நாளா மெக்கானிக்குக்காக காத்துக்கிட்டு...

பூக்காரி: இலை மேலயே நடக்குமே, அந்த இலைக்கோழிப் பறவை முட்டைப்பா! தோ... அல்லி இலை மேல. கத்தாத!

டிரைவர்: கத்துறது நீங்கதான்.

பூக்காரி: ஐயோ, பாரேன்! இப்பதான் வெளிய வந்துச்சு, அதுக்குள்ள நடக்குது! உடம்ப விட கால் பெருசு!

டிரைவர்: அம்மாக்காரி எங்க?

பூக்காரி: முட்டைய வெச்சுட்டு அவ போயிட்டா. அடைகாக்குறது, வளக்குறது எல்லாம் அப்பன்தான்.

டிரைவர்: இத எங்க வீட்டுல சொல்லிடாதீங்க.

பூக்காரி: சிரிக்காத. அன்னிக்கு நீ மட்டும் மெஷின இங்க ஓட்டியிருந்தா...

டிரைவர்: நான் என்னக்கா பண்ண? ஆகாயத்தாமரைய அள்ளத்தான் வந்தேன். அல்லியையும் சேர்த்து வழிச்சிடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.

பூக்காரி: அவருக்கென்ன! அல்லி போனா இதுங்களுக்கு வீடு போச்சு, எனக்குப் பொழப்பு போச்சு. வேற எந்த ஏரியில போய் பூப் பறிப்பேன்?

டிரைவர்: அதச் சொல்ல நானே வரலாம்னு இருந்தேன். இப்பதான் போன் வந்துச்சு. வனத்துறைக்காரர் முட்டைய போட்டோ எடுத்துட்டுப் போனாருல்ல...

பூக்காரி: ஒம்போது தடவை நான் கூப்பிட்டேன்ல, அதான் வந்தாரு! என்னவாம்?

டிரைவர்: அல்லியத் தொடக் கூடாதாம். ஆகாயத்தாமரைய மட்டும் எடுக்கணுமாம்.

பூக்காரி: நெசமாவா? என் தலையில அடிச்சு சொல்லு!

டிரைவர்: சத்தியமாக்கா... அங்க பாருங்க, நாலாவதும் விரியுது!

பூக்காரி: வா ராசா, வா! தலைய நீட்டு... அப்படித்தான்! எனக்கு அழுகையா வருது தம்பி.

டிரைவர்: அழுங்க, யாரும் பார்க்கல.

பூக்காரி: தம்பி... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? ஃபேன்ல சுத்தின அந்தத் தண்டு...

டிரைவர்: அது தானா சுத்திக்கிச்சு. சூப்பர்வைசரே குனிஞ்சு பார்த்து எழுதிட்டுப் போனாரு.

பூக்காரி: இல்லப்பா. அன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான்...

டிரைவர்: தெரியும்.

பூக்காரி: தெரியுமா! எப்படி?

டிரைவர்: தானா சுத்துன தண்டு மாலை கட்டுற மாதிரி முடிச்சு போட்டுக்குமாக்கா? பதினேழு முடிச்சு! சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள அத்தனையும் அவுத்து, தானா சுத்துன மாதிரி திரும்பச் சுத்தி வைக்கிறதுக்குள்ள எனக்கு நகமே பேந்துடுச்சு!